கொக்கோவும் பருப்பும் கூடிய வரலாறு

நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் அண்மைக் காலத்தில் இடம் பெற்றுவிட்ட பண்டங்களுள் ஒன்று, சாக்லேட்டையும் வறுத்த பருப்பையும் சேர்த்து அரைத்துச் செய்யும் இனிப்புக் குழைவு. குழந்தைகள் அதை ரொட்டியின்மீது தடவி உண்கின்றனர். விருந்தினர் வந்தால் ஐஸ்கிரீமின்மீது அதனை ஊற்றித் தருகிறோம். கடையில் கண்ணாடிப் புட்டியில் கிடைக்கும் இப்பண்டத்தை அரை மணி நேரத்தில் வீட்டிலேயே செய்துகொள்ளவும் முடியும். ஆயினும், இதன் பின்னே மூன்று கண்டங்களின் சரித்திரமும், ஒரு பேரரசனின் போரும், ஒரு தலைநகரத்தின் வீழ்ச்சியும் அடங்கியிருக்கின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வரலாற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்குத் தமிழில் என்ன பெயரிடலாம்? 'பாகு' என்றால் அது சர்க்கரையும் நீரும் காய்ந்தது. 'குழம்பு' என்றாலோ புளியும் மிளகாயும் நினைவுக்கு வந்துவிடும். 'கூழ்' என்பது தானியத்துக்கே உரியது. ஆகவே 'குழைவு' என்னும் சொல்லை நாம் இக்கட்டுரையில் கையாளுகிறோம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஓட்டுக்குள் இருக்கும் உண்பொருளை நாம் 'பருப்பு' என்கிறோம்; வாதுமைப் பருப்பு, முந்திரிப் பருப்பு என்று வழங்குகிறோம். ஐரோப்பியர் இக்குழைவில் சேர்ப்பது ஹேசல் என்னும் மரத்தின் பருப்பு. அது குளிர்நாட்டு மரமாதலால் நம் வீட்டு வழக்கில் அதற்குப் பெயர் ஏற்படவில்லை. அதனை ஹேசல் பருப்பு என்றே குறிப்போம்.

கொக்கோ மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகள். இன்றைய ஈக்வடார் நாட்டின் கிழக்குப் பகுதியில் கிடைத்த பழம் பாண்டங்களை ஆராய்ந்ததில், ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் கொக்கோவைப் பயன்படுத்தினர் என்பது தெரியவந்தது. 2018-ஆம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. பின்னர் மெக்சிக்கோ, குவாத்தமாலா ஆகிய நிலப்பகுதிகளில் மாயர்களும் அஸ்டெக்குகளும் கொக்கோவை உயர்ந்த பானமாகப் போற்றினர். அப்பானம் இனிப்பானதன்று. மக்காச்சோள மாவும் மிளகாயும் சேர்த்து, பாத்திரத்துக்குப் பாத்திரம் உயரத் தூக்கி ஊற்றி, நுரை பொங்கச் செய்து பருகினர். காப்பியை ஆற்றும் நம் கைப்பழக்கம் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளும்.

அவர்கள் கொக்கோவை அரைத்த கருவியும் நமக்கு அந்நியமன்று. நம் அம்மியைப் போன்ற கல் அது. மூன்று கால்களுடன் சற்றே சாய்வாக இருக்கும். கல்லின் அடியில் நெருப்புக் கனலை வைத்து, கல்லைச் சூடாக்கி, வறுத்த விதைகளைக் குழவியால் அரைத்தார்கள். காரணம் வெளிப்படை. கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. அக்கொழுப்பு நம் உடற்சூட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தில் உருகுவது. குளிர்ந்த கல்லில் அரைத்தால் பொடியாகவே நிற்கும். சூடான கல்லில் அரைத்தால் நெய்போல் நெகிழ்ந்து ஓடும். இந்த இயற்கையை எழுத்தில் வகுத்த விஞ்ஞானம் பிற்காலத்தது. அம்மியில் அரைத்த பெண்டிரோ அதனை முன்னமே அறிந்திருந்தனர்.

கொக்கோ விதை அந்நாடுகளில் நாணயமாகவும் வழங்கியது. கொலம்பஸ் தம் நான்காவது பயணத்தில், 1502-ஆம் ஆண்டில், ஹோண்டுராஸ் கரைக்கு அருகே வணிகர் படகு ஒன்றைக் கண்டார். அதிலிருந்த விதைகளை ஐரோப்பியர் வாதுமைப் பருப்பு என்றே எண்ணினர். அவ்விதைகளில் ஒன்று கீழே விழுந்தாலும் படகிலிருந்தோர் பதறிக் குனிந்து எடுத்ததைக் கொலம்பஸின் மகன் பின்னர் எழுதி வைத்தார். ஐரோப்பியர் கண்ணுக்குக் கொக்கோ முதன்முதலில் ஒரு வகைப் பருப்பாகவே தோன்றியது என்பது, நம் கதைக்குப் பொருத்தமான தொடக்கமன்றோ!

ஸ்பானியர்கள் மெக்சிக்கோவை வென்றபின் கொக்கோ கடல் கடந்தது. ஐரோப்பியர் நாவுக்கு அதன் கசப்பு ஒவ்வவில்லை. சர்க்கரை சேர்த்தார்கள், கிழக்கு நாட்டு வாசனைப் பண்டங்களையும் சேர்த்தார்கள். 1631-ஆம் ஆண்டில் அன்டோனியோ கோல்மெனெரோ என்னும் ஸ்பானிய மருத்துவர் சாக்லேட்டைப் பற்றி மாட்ரிட் நகரில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் செய்முறை ஒன்று காணப்படுகிறது. நூறு கொக்கோ விதைகள், இரண்டு மிளகாய், சோம்பு போன்ற ஒரு விதை, இலவங்கப்பட்டை, அரை ராத்தல் வெள்ளைச் சர்க்கரை ஆகியவற்றுடன், ஒரு டஜன் வாதுமைப் பருப்பும் அதே அளவு ஹேசல் பருப்பும் சேர்க்க வேண்டும் என்கிறார் அவர். இலவங்கப்பட்டையின் சிறந்த விளைநிலம் அக்காலத்தில் இலங்கை. ஆகவே, ஒரு கிண்ணச் சாக்லேட்டில் அமெரிக்கக் காடும், இலங்கைத் தோட்டமும், ஐரோப்பியக் குன்றும் அப்பொழுதே சந்தித்துவிட்டன.

இந்த 1631 என்னும் ஆண்டை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில், சாக்லேட்டும் ஹேசல் பருப்பும் கூடிய கதையைப் பலரும் வேறு விதமாகவே கூறி வருகின்றனர்.

அக்கதை வட இத்தாலியில் டூரின் நகரில் தொடங்குகிறது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பியமாண்ட் என்னும் பிரதேசத்தின் தலைநகர் அது. சவாய் அரச மரபினர் அங்கிருந்து ஆண்டனர். சாக்லேட் பானம் அவ்வூரின் பெருமை. நெப்போலியன் காலத்தில் பியமாண்ட் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டது; 1802-ஆம் ஆண்டில் பிரான்ஸுடன் இணைக்கப்பட்டது. 1806-ஆம் ஆண்டு நவம்பரில் நெப்போலியன் பெர்லின் நகரில் ஓர் ஆணை பிறப்பித்தான். பிரிட்டனின் சரக்குகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் இறங்கக் கூடாது என்பது அதன் சாரம். கடலாட்சி பிரிட்டனின் கையில் இருந்தது. ஆகவே கொக்கோ, சர்க்கரை, காப்பி ஆகிய கடல் கடந்த பண்டங்களின் வரத்துக் குறைந்தது, விலை ஏறியது. டூரின் நகர மிட்டாய்த் தொழிலாளர்கள் கையைப் பிசைந்து நின்றனர். அப்பொழுது நகரின் தெற்கே லாங்கே குன்றுகளில் மிகுதியாக விளைந்த ஹேசல் பருப்பு அவர்கள் கண்ணில் பட்டது. அதனை அரைத்துக் கொக்கோவுடன் கலந்தனர். புதிய இனிப்புப் பிறந்தது. இதுவே அக்கதை.

கேட்பதற்கு இனிய கதைதான். பேரரசன் ஒருவன் கடலை அடைத்தான். எளிய தொழிலாளி ஒருவன் குன்றைத் திறந்தான் என்னும் அழகு அதில் இருக்கிறது. ஆனால் சரித்திரம் அழகை மட்டும் கேட்பதில்லை, ஆண்டுகளையும் கேட்கிறது.

நெப்போலியன் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே ஹேசல் பருப்புச் சாக்லேட்டில் சேர்ந்துவிட்டதைக் கோல்மெனெரோவின் நூல் காட்டுகிறது. அன்றியும், நெப்போலியன் காலத்தில் சாக்லேட் பெரும்பாலும் பானமாகவே வழங்கிற்று. டச்சுக்காரரான வான் ஹௌட்டன் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றது 1828-ஆம் ஆண்டில். அவ்வாறு பிழிந்த கொழுப்பை மீண்டும் சேர்த்து, அச்சில் வார்த்து உண்ணத்தக்க கட்டியாக இங்கிலாந்தில் ஃப்ரை நிறுவனத்தார் செய்தது 1847-ஆம் ஆண்டில். மென்மையான பருப்புச் சாக்லேட்டுக்கு இவையெல்லாம் முன்நிபந்தனைகள். அந்த இனிப்பு இன்று தாங்கி நிற்கும் பெயரோ, 1865-ஆம் ஆண்டுக்கு உரியது. ஆகவே, பற்றாக்குறையே இந்தக் கூட்டுக்குக் கருவளித்தது என்று கொள்வதற்கில்லை. பற்றாக்குறை செய்தது வேறு. டஜன் கணக்கில் வாசனைக்காகச் சேர்ந்த பருப்பை, கொக்கோவுக்குச் சமமான பங்காளியாக உயர்த்த அது தொழிலாளரைப் பழக்கியிருக்கலாம். கதையில் உள்ள உண்மை அவ்வளவே. அதுவும் சிறிய உண்மையன்று.

இனி, 1865-ஆம் ஆண்டுக்கு வருவோம். 1861-ஆம் ஆண்டில் இத்தாலி ஒரே இராஜ்யமாக இணைந்தபொழுது அதன் முதல் தலைநகரம் என்னும் பெருமை டூரினுக்குக் கிட்டியது. அப்பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1864-ஆம் ஆண்டு செப்டம்பரில் தலைநகரை ஃபிளாரன்ஸுக்கு மாற்ற முடிவாயிற்று. செய்தி பரவியதும் டூரின் மக்கள் தெருவில் திரண்டனர். படைகள் சுட்டதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு அரசாங்கம் பெயர்ந்து போயிற்று. அமைச்சர்களும் அலுவலர்களும் தூதர்களும் சென்றபின் நகரில் எஞ்சியவை அகன்ற வீதிகளும் காப்பிக் கடைகளும்.

அந்த ஆண்டின் திருவிழாவின்போது, கஃபரேல் என்னும் சாக்லேட் நிறுவனத்தார் ஹேசல் பருப்புக் கலந்த புதுச் சாக்லேட்டை மக்களுக்கு அறிமுகப்படுத்தினர் என்று டூரினில் கூறுவர். கவிழ்த்த படகின் வடிவம் கொண்ட சிறு கட்டி அது. அதற்கு ஜாந்துயாவின் பெயர் சூட்டப்பட்டது. ஜாந்துயா என்பவன் மூன்று மூலைத் தொப்பி அணிந்த கிராமத்தான். பொம்மலாட்டத்திலும் முகமூடிக் கூத்திலும் வரும் பாத்திரம். மதுக்குவளையைக் கையில் ஏந்தி, பெரிய மனிதர்களைக் கேலி செய்து, சாதாரண மக்களின் நெஞ்சில் இடம் பெற்றவன். தலைநகர் என்னும் பதவியை இழந்த ஒரு நகரம், அரசனின் பெயரையோ அமைச்சரின் பெயரையோ நாடாமல் கூத்தில் வரும் குடியானவன் பெயரைத் தன் இனிப்புக்கு இட்டுக்கொண்டது நம் கவனத்துக்கு உரியது. பதவி வண்டியேறிப் போய்விட்டது, பண்டம் தங்கிவிட்டது. இன்றும் ஹேசல் பருப்புச் சேர்ந்த சாக்லேட்டுக்கு உலகெங்கும் ஜாந்துயா என்றே பெயர்.

அடுத்த கட்டம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. போரில் தோற்ற இத்தாலியில் கொக்கோ மீண்டும் அரிய பொருளாயிற்று. லாங்கே குன்றுகளின் நடுவே ஆல்பா என்னும் சிற்றூர் உண்டு. அங்கே மிட்டாய்க் கடை நடத்திய பியத்ரோ ஃபெரேரோ, 1946-ஆம் ஆண்டில் கொக்கோவைக் குறைத்து ஹேசல் பருப்பை மிகுத்த ஒரு கட்டியைச் செய்து விற்றார். கத்தியால் துண்டுபோட்டு ரொட்டியுடன் உண்பதற்கு ஏற்றது அது. ஏழைகளும் வாங்கக்கூடியதாக இருந்தது. 1949-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1951-ஆம் ஆண்டில் அக்கட்டி தடவத்தக்க குழைவாக மாறியது. அவருடைய மகன் மிக்கேலே அதனை மேலும் திருத்தி, நூட்டெல்லா என்னும் புதுப் பெயருடன் 1964-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆல்பா ஆலையிலிருந்து வெளியிட்டார். இன்று நம் ஊர்க் கடைகளிலும் அப்புட்டி இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையைக் காண்கிறோம். கொக்கோவுக்கு மாற்றாக வந்த ஹேசல் பருப்பு, பிற்காலத்தில் தானே காக்கப்படவேண்டிய செல்வமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் வகுத்த சாக்லேட் விதியின்படி, ஜாந்துயா என்னும் பெயர் பெற வேண்டுமாயின் நூறு கிராமில் இருபது கிராமுக்குக் குறையாமலும் நாற்பது கிராமுக்கு மேற்படாமலும் அரைத்த ஹேசல் பருப்பு இருக்க வேண்டும். ஒரு காலத்தில் பருப்பைச் சேர்ப்பது குறையை மறைக்கும் உபாயம். இன்று பருப்பைக் குறைப்பதே குற்றம். புட்டியில் விற்கும் குழைவுக்கு இவ்விதி பொருந்தாது. அதில் சர்க்கரையும் பாமாயிலும் மிகுதி. நூட்டெல்லாவின் உறையிலேயே ஹேசல் பருப்பு நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். வீட்டில் செய்துகொள்வதன் நியாயம் இதிலிருந்தே விளங்கும்.

அந்தச் செய்முறையையும் சுருக்கமாகக் கூறுவோம். ஹேசல் பருப்புக் கிடைத்தால் நூறு கிராம் எடுத்து, வாசனை எழும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, சூடு தணியுமுன் துணியில் இட்டுத் தேய்த்தால் மேல்தோல் கழன்றுவிடும். கிடைக்காவிடில் முந்திரிப் பருப்பைப் பொன்னிறமாக வறுத்துக்கொள்ளலாம். அதற்குத் தோல் நீக்கும் வேலை இல்லை. வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிக்ஸியில் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். முதலில் பொடியாகும், பின்பு உருண்டு திரளும், பொறுமையோடு மேலும் அரைத்தால் தன் எண்ணெயைத் தானே விட்டுக் குழையும். இடையில் நீர் சேர்க்கலாகாது. நூறு கிராம் கறுப்புச் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி ஒரு பாத்திரத்தில் இட்டு, நூற்றைம்பது மில்லி பாலைக் காய்ச்சிச் சூட்டோடு அதன்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்துக் கிண்ட வேண்டும். பளபளப்பாக ஒன்றுபட்டபின் இரண்டு கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அரைத்த பருப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கலந்தால் குழைவு தயார். பால் சேர்ந்திருப்பதால் குளிர்ப்பெட்டியில் வைத்து நான்கு நாட்களுக்குள் பயன்படுத்திவிடுதல் நலம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. உருகிய சாக்லேட்டில் இரண்டொரு துளி நீர் பட்டால் அது இறுகிக் கட்டி தட்டிவிடும். ஆனால் ஒரு கிண்ணம் சூடான பாலை ஊற்றினாலோ வழவழப்பாகிவிடும். சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரை, கொக்கோத் துகள்களின் கூட்டம். சிறிது நீர் பட்டால் சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. போதிய நீர் கிடைத்தால் சர்க்கரை கரைந்து, கொழுப்பும் நீரும் இசைந்து நிற்கின்றன. பருப்பின் பணி வேறு. கொக்கோக் கொழுப்பு அறைச் சூட்டில் உறைவது; பருப்பின் எண்ணெயோ உறையாதது. இரண்டும் கலந்தால் கட்டியும் இளகும். டூரின் இனிப்பு வாயில் இட்டவுடன் கரைவதற்கும், நம் குழைவு கரண்டியிலிருந்து மெல்ல வழிவதற்கும் இதுவே காரணம்.

இனிப்பின் சரித்திரத்தைப் பேசும்போது அதன் கசப்பையும் பேசாதிருத்தல் நேர்மையாகாது. ஐரோப்பியக் கிண்ணங்களில் கரைந்த சர்க்கரை, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் உழைப்பால் விளைந்தது. சட்டப்படி அடிமைமுறை ஒழிந்த பின்னரும் கொடுமை ஒழியவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் சாவோ டோமே, பிரின்சிப்பே என்னும் போர்ச்சுகீசியத் தீவுகளின் கொக்கோத் தோட்டங்களுக்கு அங்கோலாவிலிருந்து மக்கள் வலிந்து கொண்டுவரப்பட்டனர். ஹென்றி நெவின்சன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் நேரில் சென்று கண்டு, 1906-ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். பெரிய ஆங்கில நிறுவனங்கள் அத்தீவுகளின் கொக்கோவை வாங்குவதை 1909-ஆம் ஆண்டில் நிறுத்தின. இன்று உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே சிறு விவசாயிகள் பெறும் வருவாய் சொற்பம். தோட்டங்களில் குழந்தைகள் உழைப்பது இன்னும் நீங்காத துயரம். நம் குழந்தையின் ரொட்டியில் தடவும் பண்டத்துக்கு மற்றொரு குழந்தையின் உழைப்பு விலையாகலாமா என்பது, வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்வி.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1798-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அம்பொய்னாத் தீவிலிருந்து கொக்கோக் கன்றுகளைக் கொணர்ந்து குற்றாலத்தில் நட்டனர். இந்திய மண்ணில் கொக்கோவின் முதல் வருகை அதுவே. அருவியின் சாரலில் நின்ற அம்மரங்கள் பெருந்தொழிலாக வளரவில்லை. கொக்கோப் பயிர் இங்கே வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். இன்று கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் தென்னைக்கும் பாக்குக்கும் இடையே நிழற்பயிராக அது விளைகிறது. முந்திரியும் அமெரிக்க மண்ணின் பிள்ளையே. பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டுவந்த மரம் அது. பண்ருட்டிச் செம்மண்ணில் ஊன்றி நம் பாயசத்துக்கும் பொங்கலுக்கும் உரியதாகிவிட்டது. ஆதலால், ஹேசல் பருப்புக்குப் பதிலாக முந்திரியை அரைத்துக் கொக்கோவோடு சேர்க்கும்போது நாம் மரபைக் கெடுத்தவர்களாக மாட்டோம். ஒரே கண்டத்தில் பிறந்து வெவ்வேறு கப்பலில் ஏறிய இருவரை நம் அடுப்படியில் சந்திக்கச் செய்கிறோம்.

2024-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குன்றியதால் கொக்கோவின் விலை டன் ஒன்றுக்குப் பத்தாயிரம் டாலரைக் கடந்தது. ஆலைகள் மறுபடியும் கொக்கோவைக் குறைக்க வழி தேடின. 1806-ஆம் ஆண்டிலும் 1946-ஆம் ஆண்டிலும் எழுந்த அதே கேள்வி புது உருவில் எழுந்தது. குறையை எதனால் நிரப்புவது? மலிவான எண்ணெயால் நிரப்பினால் அது கலப்படம்; அருகில் விளையும் நல்ல பொருளை நாடி, அதன் குணமறிந்து சேர்த்தால் அது கண்டுபிடிப்பு. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சட்டம் ஓரளவே காக்க முடியும். மீதியைச் செய்பவரின் மனமே காக்க வேண்டும்.

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊர்ப் பண்டம் கிடைக்காத இடத்தில் கிடைத்ததைக் கொண்டு சமைத்து, சில ஆண்டுகளில் அதனையே நம் வீட்டுப் பக்குவம் என்று பிள்ளைகளுக்கு ஊட்டியவர்கள் அவர்கள். லாங்கே குன்றின் பருப்பும் அவ்வாறே ஒரு நாட்டின் பெருமையாயிற்று. அடுத்த முறை இக்குழைவைக் கிண்டும்போது, அடியில் கனல் வைத்த அந்த மெக்சிக்கோ அம்மியையும் அதில் அரைத்த கைகளையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.